மூன்று கழி வாசல்

கூரை மேல் குதிரை நின்றுகொண்டிருந்தது. நடுவர்கள் வர இன்னும் ஒரு மணி நேரம்தான்.

கட்டடக் கலைஞர் பியோ சங்வூக் அசரவில்லை. கொரியத் தலைநகர் சியோலிலிருந்து ஜேஜு தீவுக்கு வந்து, கடலோர மேட்டோடு மேடாக, புல்கூரை தரையைத் தொடும்படி அவர் கட்டிய வீடு அது. 'மண்ணோடு இசைந்த வீடு' பரிசு தனக்கில்லாமல் வேறு யாருக்கு என்றே இருந்தார். அதை வாங்கினால்தான் இந்தக் கரையில் அடுத்த வேலை கிடைக்கும்.

"ஓக்சுன் அக்கா! உங்க குதிரை என் கூரையைத் தின்னுது!"

கடலில் முக்குளித்துச் சிப்பி எடுக்கும் பக்கத்து வீட்டு ஓக்சுன் வந்து குதிரையை வெளியே இழுத்தாள். "வாசலைத் திறந்து போட்டுப் புல்லையும் வளத்தா, அது விருந்துன்னுதான் நினைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனாள்.

வாசலில் துளையிட்ட இரண்டு கல்தூண்கள். பழைய வீடுகளைப் பார்த்து அழகுக்கு வைத்தவை. சங்வூக் குறுக்கே ஒரு கழியைச் செருகினார். குதிரை குனிந்து உள்ளே வந்தது.

நடுவர்களுக்காகக் கஞ்சி கொண்டுவரச் சொல்லியிருந்த கடைக்காரர் போன் செய்தார். "வந்து பாத்தேன் சார். பக்கத்துல எங்கேயோ போயிருக்கீங்க போல. அப்புறம் வரேன்."

"வீட்டுலதான்யா இருக்கேன்!"

'சரியான சோம்பேறி' என்று திட்டிக்கொண்டே குதிரையை வெளியே விரட்டி, இரண்டாவது கழியைப் போட்டார். குதிரை தாண்டி வந்தது. கூரையைச் சீராக்க வரச்சொன்ன தோட்டக்காரரோ போனில், "வாசல் வரைக்கும் வந்தேன். சாயங்காலம்தானே வருவீங்க? அப்பவே வரேன்" என்றார்.

குதிரையைத் துரத்திவிட்டு மூன்றாவதையும் போட்டார். குதிரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

"என்கிட்டயா!" என்று மீசையில்லாத உதட்டின்மேல் விரலை ஓட்டினார்.

போனை அணைத்துவிட்டு, வீட்டின் பின்புறம் போய், வாசலுக்கு முதுகும் கடலுக்கு முகமுமாக நின்று பேச்சை ஒத்திகை பார்த்தார். "இந்த ஊர் மண்ணு, காத்து, பழக்கம், எல்லாம் என் வீட்டுல கலந்திருக்கு..."

நடுவர்கள் வரவேண்டிய பதினொரு மணி ஆயிற்று. மதியம் ஒரு மணியும் ஆயிற்று. ஒருவரும் வரவில்லை. வாசலுக்கு ஓடினார்.

சிப்பி மூட்டையோடு திரும்பிய ஓக்சுன் திடுக்கிட்டு நின்றாள்.

"ஐயையோ, உள்ளேதான் இருக்கீங்களா? வாசல்ல ஒரு கழின்னா பக்கத்துல போயிருக்காங்க, ரெண்டுன்னா சாயங்காலம் வருவாங்க, மூணுன்னா வெளியூரு. அந்த நடுவர்ங்க அப்பவே கரைப்பக்கமா வந்தாங்க சார், 'ஊர் வழக்கம் தெரிஞ்ச மனுஷன், மூணு கழியும் போட்டுட்டுப் போயிருக்காரு'ன்னு வாயாரப் புகழ்ந்துட்டு, ஆளில்லாத வீட்டுக்குள்ள நுழையக் கூடாதுன்னு அப்படியே போயிட்டாங்களே!"