ஸ்டெல்லாவின் பெட்டியில் மரியம்மா

ஒன்றுமே தெரியாதவர்களால் வீட்டுக்குப் பெரிய கெடுதல் வராது. கால்வாசி தெரிந்துகொண்டு வாயை முழுதாகத் திறப்பவர்களால்தான் வரும். அந்த இரண்டாவது வகையில், எங்கள் தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் என்று நினைக்கிறேன். என் மகன் ஜெயராஜ் பெங்களூரில் பழைய சாமான்களை வாங்கி வந்து வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் பூட்டினான். முன்னறையில் இருந்தது கிடங்குப் பெட்டி. எல்லா வேலையையும் அதில்தான் சேர்த்து வைப்பார்கள். உள்ளறையில் இருந்தது மருமகள் ஸ்டெல்லா டைப் அடிக்கும் பெட்டி. தமிழ் எழுத்தும் பிரிண்டரும் அதில் மட்டும்தான். நடுவில் ஒரு நீல ஒயர், என் துணிக்கொடியை ஒட்டியே ஓடியது. (அதில் ஈரப் புடவை போட்டதற்கு ஒரு முறை திட்டு வாங்கினேன். அது வேறு வழக்கு.)

ஸ்டெல்லாவுக்கு அப்போதுதான் முதல் வேலை கிடைத்திருந்தது. மாரிகுப்பம் டேவிட் தன் மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கச் சொல்லியிருந்தார். சனிக்கிழமை காலை மாதிரித் தாளை வாங்கிக்கொண்டு, பெங்களூர் ரயிலைப் பிடித்து அச்சகத்தில் கொடுக்கப் போகிறார். மனுஷன் சர்ச் கமிட்டியில் இருப்பவர். அவர் வாயால் 'நல்லா செஞ்சா' என்று வந்தால் சபை முழுக்க இவளிடம் வரும். 'ஏமாத்திட்டா' என்று வந்தால் பெட்டிக்குப் போர்வை போர்த்தி வைக்க வேண்டியதுதான்.

டேவிட் வந்து உட்கார்ந்தார். ஸ்டெல்லா தன் பெட்டியில் உட்கார்ந்து, கிடங்கில் இருந்த பத்திரிகையைத் திறக்கப் போனாள். பாஸ்வேர்டு கேட்டு ஒரு கட்டம் வந்தது. அடித்தாள். மறுபடி கேட்டது. மறுபடி அடித்தாள். மறுபடியும் கேட்டது.

"இன்னாங்க, இது என்னைக்கும் கேக்காதே! இன்னிக்கு இன்னாத்துக்குக் கேக்குது?"

ஜெயராஜ் வந்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினான். கேட்டது. குற்றம் முன்னறையில்தான் என்று முடிவு கட்டி, அங்கே ஓடிக் கிடங்குப் பெட்டியை அணைத்துப் போட்டான். கேட்டது. அங்கே பாஸ்வேர்டையே புதிதாக மாற்றிவிட்டு வந்து, அதை இங்கே அடித்தான். அதுவும் செல்லவில்லை. நீல ஒயரைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினான்.

"ஃபிளாப்பியில எடுத்தாங்களேன்," என்றாள் ஸ்டெல்லா.

"படம் வச்சிக்கீறியே, அதுல எப்படி அடங்கும்?"

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் மரியம்மா இல்லையே!

"ஒரே வூட்ல இருந்துக்கினு ஒன்னை ஒன்னு தெரியலன்னுதா? பங்காளிப் பொட்டிங்களா வாங்கிட்டு வந்தே?" என்றேன். அதோடு விட்டேனா? டேவிட் காதில் விழும்படி, "ஸ்டெல்லா, நீ எதையாச்சும் மாத்திட்டு மறந்துட்டியா? ஒரு வேலைன்னா கவனம் வேணாமா?" என்று மாமியார் உத்தியோகமும் பார்த்தேன்.

அவள் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. டேவிட் கடிகாரத்தைப் பார்த்தார். "பரவால்லம்மா, நான் பெங்களூர்லயே யார்கிட்டயாச்சும் அடிச்சிக்கிறேன்," என்று பையை எடுத்தார்.

"ஒரே நிமிஷம்ண்ணா, இதையும் ஒருக்கா அணைச்சிப் பாக்குறேன்," என்று ஸ்டெல்லா தன் பெட்டித் திரையின் மூலையில் அமுக்கினாள். வரிசையாக எழுத்து மேலே எழும்பியது. அவள் கை அப்படியே நின்றது.

"அத்தே... லாக் ஆஃப் மரியம்மான்னு போட்டுக்கீதே, இன்னா இது?"

எனக்குத் திடீரென்று அடுப்படியில் வேலை ஞாபகம் வந்தது.

"நில்லும்மா," என்றான் ஜெயராஜ்.

விஷயம் இதுதான். விடியற்காலையில் எல்லாரும் தூங்கும்போது, அந்தப் பெட்டியில் நான் சீட்டாடுவது வழக்கமாகியிருந்தது. (சீட்டுக்கட்டு பிசாசின் புத்தகம் என்று ஜெபக்கூட்டத்தில் சொன்னவளும் நானே.) மற்ற நாள் அவர்கள் முதல் நாள் அணைக்காமல் விட்ட பெட்டியில் ஆடிவிடுவேன். அன்று அணைத்திருந்தார்கள். தட்டியதும் பேர் கேட்டது. கட்டத்தில் ஸ்டெல்லா என்று ஏற்கெனவே இருந்தது. அதை அழித்துவிட்டு, என் வீட்டுக்காரர் கையெழுத்துக்காகச் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடித்தேடி என் பேரைப் போட்டேன். பிறகு எது கேட்டாலும் பெரிய பட்டனை அமுக்கினேன். திறந்துவிட்டது. ஆடி முடித்துத் தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

"அவ பேரே இருந்துச்சே, இன்னாத்துக்கும்மா அழிச்சே?"

"அடுத்தவ டோக்கன்ல எப்படிடா எறங்குறது? உங்கப்பன் இன்னா சொல்லுவாரு?"

என் வீட்டுக்காரர் வேலை பார்த்த சுரங்கத்தில், ஆளைக் கீழே இறக்கும் கூண்டான கேஜில் ஏறுமுன் அவரவர் பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். கீழே ஏதாவது ஆனால் யார் யார் உள்ளே என்று டோக்கனைப் பார்த்துத்தான் சொல்வார்கள். மாறி இறங்கினால் ஒருத்தி புருஷனுக்கு இன்னொருத்தி ஒப்பாரி வைப்பாள். முப்பது வருஷம் அந்தப் பயத்தோடு குடித்தனம் செய்தவள் நான். பேர் கேட்கிற இடத்தில் பொய் சொல்வேனா?

ஜெயராஜ் தலையில் கை வைத்தபடி சிரித்தான். "காலையில யார் பேர்ல உள்ள போனோமோ, அந்தப் பேரைச் சொல்லித்தான் இது அங்கப் போய் கேக்கும். அங்க மரியம்மான்னு யாரையும் தெரியாது. நான் சரியான பாஸ்வேர்டைக் குடுத்து இன்னா பிரயோசனம்?"

ஸ்டெல்லா என்னை வெளியேற்றிவிட்டுத் தன் பேரில் நுழைந்தாள். கிடங்கில் மாற்றியதை ஜெயராஜ் பழையபடி வைத்தான். ஒரு கேள்வியும் கேட்காமல் பத்திரிகை திறந்தது. தாள் பிரிண்டரிலிருந்து முழுதாக வருவதற்குள் டேவிட் அதை இழுத்துக்கொண்டார். வாசலில் மட்டும் நின்று திரும்பினார்.

"மரியம்மாக்கா, ஆட்டம் ஜெயிச்சீங்களா?"

"இல்லப்பா, ராணி கெடைக்கல."

ரயில் கிடைத்தது. கதை ரயிலைவிட வேகமாக ஓடி, ஞாயிறு ஆராதனைக்கு முன்பே சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தது. என் சீட்டாட்டத்தைக் கேட்க வந்தவர்களெல்லாம், பேச்சோடு பேச்சாக ஸ்டெல்லாவிடம் ஒரு வேலையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு விளம்பரம் செய்தது நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். அவள் மறுப்பதில்லை, சிரிக்கிறாள்.

இப்போதெல்லாம் வீட்டில் ஊறுகாய் பாட்டில் திறக்கவில்லை என்றாலும், "மரியம்மா பேர்ல கீதான்னு பாரு" என்கிறார்கள். போன மாதம் எனக்குக் காய்ச்சல் அடித்தபோது ஜெயராஜ் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பாதிரியார் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னான்: "அம்மா, பரலோக வாசல்ல உன் பேரையே சொல்லி உள்ள போ. போனதும் லாக் ஆஃப் பண்ணிடு. பின்னால நாங்க வரணும்."

"நீ வாசல் வரைக்கும் வர்ற வழியைப் பாருடா மொதல்ல," என்றேன். காய்ச்சல் இறங்கிவிட்டது.