கலப்படமில்லாத குப்பி

உலகில் தூய்மை என்ற ஒன்று இன்னும் எஞ்சியிருக்கிறதென்றால், அது எங்கள் ஆய்வு நிலையத்தின் மூன்றாம் மாடியில்தான் இருக்கிறது. அங்கே செருப்போடு போகக் கூடாது. அத்தர் பூசிக்கொண்டு போகக் கூடாது. சந்தேகத்தோடு போகவே கூடாது. நிலையத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் என்ற முறையில் இதைப் பணிவோடு அறிவிக்கிறேன்.

நாங்கள் வைரஸ் வளர்க்கிறோம். பயப்பட வேண்டாம், மனிதரைத் தொடாத சாது வைரஸ். பாக்டீரியாவை மட்டும் தேடிப் பிடித்து அழிக்கும். எதிர் மருத்துவமனையில் ஒரு பஸ் டிரைவர் படுத்திருந்தார். அவர் பாதத்துப் புண்ணில் குடியேறிய பாக்டீரியா எந்த மருந்துக்கும் மசியவில்லை. எங்கள் வைரஸ் வேலை செய்தால் கால் தப்பும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவார்கள்.

இந்த நல்ல நேரத்தில்தான் எங்கள் இயக்குநர் 'முழுத் தூய்மை இயக்கம்' தொடங்கினார். தண்ணீரிலிருந்து தண்ணீரைத் தவிர மற்ற அனைத்தையும் அகற்றும் இயந்திரம் வந்திறங்கியது. இனி எல்லாக் கரைசலும் அந்த நீரில்தான் என்று உத்தரவு.

கூட்டத்தில் ஆய்வாளர் அம்மா எழுந்தார்.

"சார், வைரஸுக்குக் கொஞ்சம் கால்சியம் உப்பும் மெக்னீசியம் உப்பும் போடணும். கால்சியம் இல்லன்னா அதால பாக்டீரியா மேல ஒட்டவே முடியாது. மெக்னீசியம் இல்லன்னா அதோட உடம்பே கலகலத்துப் போயிடும்."

"அதாவது, உலோகத்தக் கலக்கச் சொல்றீங்க."

"துளியூண்டு சார்."

"துளியூண்டு கலந்தா அதுக்குப் பேரு என்னம்மா? கலப்படம். பால்காரன் பண்ணினா பிடிச்சுக் குடுக்கிறோம்ல?"

"அது ஏமாத்துறது சார். இது பிள்ளைக்குச் சோறு போடுற மாதிரி."

"ஊட்டி ஊட்டி வளத்தா வைரஸ் செல்லம் கொஞ்சிக் கெட்டுப்போயிடும்!"

கைதட்டல். முதலில் தட்டியவன் நான். என் வேலையே அதுதான்.

அம்மா பிடிவாதக்காரி. ஒரு குடுவையில் இரண்டு உப்பையும் போட்டு வைரஸை வளர்த்துவிட்டார். அதை மருத்துவமனைக்கு எடுத்துப் போகக் கிளம்பும்போது தூய்மைப் பரிசோதனைக் குழு உள்ளே நுழைந்தது. கருவியைக் குடுவைக்குள் விட்டார்கள். அது அலறியது.

"இதுல கால்சியம் இருக்கு!" என்றார் குழுத் தலைவர், பாம்பைக் கண்டவர் போல.

"ஆமா சார், அதனாலதான் அது உயிரோட இருக்கு. ஒரு மனுஷன் காலு சார்! விட்டுடுங்க."

குடுவை தொட்டியில் கவிழ்க்கப்பட்டபோது, குழாயைத் திறந்துவிடும் பேறு எனக்குக் கிடைத்தது. உப்பு டப்பாக்கள் பறிமுதலாயின. அடுத்து, எங்கள் தூய நீரில் வைரஸை வைத்திருந்த குப்பியைச் சோதித்தார்கள். கருவி வாயே திறக்கவில்லை.

"ஒண்ணுமே இல்ல!" என்று குழு வியந்தது. உண்மைதான். கால்சியம் இல்லை, மெக்னீசியம் இல்லை. அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொன்னபடி, உயிருள்ள வைரஸும் இல்லை. இப்படியொரு தூய்மையை இதுவரை எவரும் எட்டியதில்லை.

அந்தக் குப்பிக்கு முத்திரையிட்டு மருத்துவமனைக்கு அனுப்பினோம். டிரைவரின் புண்ணில் அதை ஊற்றினார்கள். புண் மிக நன்றாகக் கழுவப்பட்டது.

எங்களுக்கு விருது கிடைத்தது. அந்த மகிழ்ச்சியை நோயாளியோடு பகிர்ந்துகொள்வதே பண்பு என்று இயக்குநர் கருதியதால், கேடயத்தோடும் புகைப்படக்காரரோடும் வார்டுக்குப் போனோம். கட்டிலில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. ஆய்வாளர் அம்மா முன்பே வந்து அழுதுகொண்டிருந்தார்.

"அழாத தங்கச்சி, நீ முடிஞ்ச மட்டும் பாத்த" என்று டிரைவர் அவரைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

இயக்குநர் கேடயத்தை உயர்த்திப் பேசத் தொடங்கினார். தூய்மையின் வரலாறு, தூய்மையின் எதிர்காலம், அதில் தமது இடம். பேச்சு நீண்டுகொண்டே போனது. டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, கட்டிலருகே நின்ற மனைவியின் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அந்த ஸ்டூல எடுத்து சாருக்குப் போடு. எவ்வளவு நேரமா நிக்கிறாரு, பாவம். காலு வலிக்கும்ல?"