மூன்றாம் வளைவும் மகராணியும்

“கல்லு வை, சென்னப்பா! கல்லு வை!”

இவ்வீர முழக்கம் தொப்பூர்க் கணவாயின் கரும்பாறைகளில் மோதித் தெறித்து, சாலையோரப் புளியமரத்துக் குரங்குகளைக் கிளைவிட்டுக் கிளை பாயச் செய்து, முழங்கியவன் காதிலேயே திரும்ப வந்து விழுந்த அந்த நொடியில், பன்னிரண்டு மூட்டைப் புண்ணாக்கைச் சுமந்த பிக்கப் வண்டியொன்று, ஏற வேண்டிய மேட்டை ஏறாமல் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் பள்ளம். பள்ளத்தில், போன மாதம் குப்புறக் கவிழ்ந்த லாரி ஒன்று, இன்னும் சக்கரங்களை வானத்துக்குக் காட்டியபடி!

பிரேக்கின்மேல் இருகால்களையும் ஊன்றி, ஸ்டியரிங் வளையத்தை மார்போடு அணைத்து, புனித அந்தோணியாரையும், அவர் வந்து சேரத் தாமதமானால் உதவட்டுமென்று சாலையோர முனியப்பனையும் ஒரே மூச்சில் கூவியழைக்கும் அம்மாவீரன் யார்?

வாழ்க அவன் நாமம்! இண்டூர்ப் பெருநிலத்துத் தோன்றல், தக்காளிக் கூடைகளின் தனிக்காவலன், மொரப்பூர் ரயிலை ஓடிப்பிடிக்கும் முடுகுதேர் வேந்தன், கரும்புகைக் கொடியோன், ஹாரன் அடியாது வளைவு திரும்பா நெறியாளன் பிலவேந்திரன் வாழ்க! கார்பரேட்டரின் நுண்துளையில் வீற்றிருந்து துளித்துளியாய் அருள்சுரக்கும் பெட்ரோல் அன்னையே, இக்காதை மேடேறும் மட்டுமாவது சற்றே இரங்குவாயாக!

மூட்டைகளின் உச்சியிலிருந்து தலையளவு கருங்கல்லுடன் குதித்தான் சென்னப்பன். இண்டூரின் ஒரே மெக்கானிக். மனிதரிடம் தமிழும், திருகாணிகளிடம் கன்னடமும் பேசுகிறவன். ஏனெனில் அவன் வீட்டில் திட்டுவது கன்னடத்தில். கல் சக்கரத்தின் அடியில் புகுந்தது. தேர் நின்றது. ரேடியேட்டர் மூடி வானேக, அதன்பின்னே வெந்நீர் வெள்ளைக்குடை விரித்து எழுந்தது.

முன்னிருக்கையில் அமர்ந்திருந்த மூன்றாமவன், மொரப்பூர் சவரிமுத்து, வேட்டியில் தெறித்த வெந்நீரைக்கூடத் துடைக்காமல் புன்னகை பூத்தான்.

“நின்னுபோச்சு மாப்ள. மூணாம் வளைவு. சென்னப்பனே சாட்சி. சாயங்காலம் கயித்தோட வூட்டுக்கு வரேன்.”

எதற்குக் கயிறு? அங்கேதான் இருக்கிறது மர்மம். அந்த மேட்டில் நின்றது வெறும் வண்டியல்ல. ஓர் எருமையின் தலைவிதி!

1965-ல் பட்டாளத்து ஏலத்தில் பிலவேந்திரன் கைப்பற்றிய தேர் அது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். நெற்றியில் ‘அந்தோணியார் துணை’. அதன் மைல் கணக்குக் கருவி தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சத்தைத் தொட்டு, எண் போதாமல் பூஜ்யத்தில் விழுந்து, இரண்டுமுறை மறுபிறவி எடுத்து, மூன்றாம் பிறவியில் முப்பதாயிரத்தைக் கடந்துகொண்டிருந்தது. வாங்கிய புதிதில் புலியாகப் பாய்ந்த வண்டி ஆண்டுக்கு ஆண்டு தளர்ந்தது. 1974-ல், பெட்ரோல் விலை பனைமரம் ஏறி உட்கார்ந்த அந்தப் பொல்லாத வருஷத்தில், ஈஸ்டர் கழிந்ததும் அடியோடு படுத்துவிட்டது. குடிப்பதோ குடம்குடமாக, இழுப்பதோ கிழட்டுக் கழுதையாக, கக்குவதோ கார்மேகமாக. அது கடந்துசென்ற பின் இண்டூர்க் கடைத்தெருவில் வெள்ளைச்சட்டைக்காரர்களும் கறுப்புச்சட்டைக்காரர்களும் ஒரே கட்சியாகத் தென்பட்டார்கள்.

மாற்றுவதா? மராமத்துப் பார்ப்பதா? இந்த ஒற்றைக் கேள்வியின் இருபுறமும் இருபெரும் சேனைகள் அணிவகுத்தன.

மராமத்துப் படையின் தளபதி சென்னப்பன். ஒன்பது வருஷத்தில் மூன்றுமுறை அந்த எஞ்சினைப் பிரித்து, சிலிண்டரைக் கடைந்து ‘போர்’ பண்ணி, புது ரிங்கு போட்டவன். மூன்றாவது போர் முடிந்தது போன கார்த்திகையில்தான். திருப்புளியின் நுனியை எஞ்சினிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்து, கண்மூடி, அது சொல்லும் நோவைக் கேட்டு, ஞானியைப்போல் ஒரே வாக்குரைப்பான்:

“மூச்சு முட்டுதுண்ணா இதுக்கு. உள்ளார எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா மூச்சு முட்டுது. இன்னொருக்கா பிரிச்சுப் பாத்துரலாமா?”

மாற்றுப்படையின் மன்னன் சவரிமுத்து. பிலவேந்திரனின் மனைவிக்கு உடன்பிறந்த அண்ணன். எனவே போரில் அவனுக்கு வீட்டின் உட்பக்கத் தாழ்ப்பாளும் தெரியும். கணவாயில் கவிழ்ந்த வேனொன்றின் டீசல் எஞ்சினை எப்போதோ வாங்கி, மொரப்பூர்க் கொட்டகையில் சாக்குப்போட்டு மூடிவைத்திருந்தான். அதன்மேல் அவன் வீட்டுக் கோழி மூன்று தலைமுறையாக அடைகாத்து வந்தது. அந்த வீரனின் பிரகடனம் இது:

“பெட்ரோலு எஞ்சினு இனிமே ராஜாக்களுக்குத்தான் மாப்ள. டீசலு போட்டா, குடிக்கறது அரைக்கால், இழுக்கறது ஆனை மாதிரி. காசே வேணாம். எருமைய அவுத்துக் குடு, எஞ்சின மாட்டிக்க. அவ்ளோதான் பேச்சு.”

எருமை என்றால் ஏதோ ஓர் எருமை அல்ல. கருங்குவளை நிறத்தாள், பிறைமருப்பினள், வேளைக்கு நாலுபடி பொழியும் மடிமேகத்தாள், மகராணி எனும் திருநாமத்தாள்! அவளைக் கன்றிலிருந்து வளர்த்தவள் பிலவேந்திரனின் இல்லக்கிழத்தி லூர்தம்மாள். அவள் குரல்கேட்டால் மட்டுமே மகராணி பால்சுரப்பாள். வேறு யாராவது மடியைத் தொட்டால் உதைதான். லூர்தம்மாளின் பக்தியோ மலையினும் பெரிது. ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்து வாங்கும் ஓலையை வீட்டு நிலைக்கு ஒன்று, மகராணியின் கொட்டகைக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று வருஷம் தவறாமல் பங்குவைப்பவள். தொப்பூர்ப் பள்ளத்தில் எத்தனையோ வண்டிகள் கவிழ்ந்தும் தன் வீட்டு வண்டி கவிழாமல் நிற்பது அந்த ஓலையின் வல்லமையால் என்பது அவளது அசைக்கமுடியாத சித்தாந்தம்.

அண்ணனின் பிரகடனம் கேட்டுச் சாணிக்கூடையை இடுப்பிலிருந்து இறக்கினாள் அவள்.

“ஏங்க, இதக் கேட்டுக்கோங்க. வண்டி உங்களுது, எருமை என்னுது. உங்க எஞ்சினு செத்ததுக்கு என் மகராணி எதுக்குங்க தாலியறுக்கணும்? அண்ணா, உனக்கும் சொல்றேன், பாலு வேணும்னா சொம்போட வா. கயித்தோட வராதே.”

இருபுறமும் அம்புமாரி. நடுவில் பிலவேந்திரன். காலையில் மராமத்துக்காரனாக எழுவான். பல்துலக்குமுன் டீசல்காரனாக மாறுவான். சோற்றில் கைவைக்கும்போது மனைவியின் முகம்பார்த்து மறுபடி மராமத்துக்காரனாவான். இதற்கிடையில் இரண்டுமுறை மொரப்பூர் ரயிலைத் தவறவிட்டு, தக்காளிக் கூடைகள் பிளாட்பாரத்திலேயே குழம்பாயின. தோட்டக்காரர்கள் வேறு வண்டி பார்க்கப்போவதாக முணுமுணுத்தார்கள். இனித் தாமதித்தால் தேரும் இல்லை, தேரோட்டியும் இல்லை!

இறுதியில் மலையே தீர்ப்புச் சொல்லட்டும் என்று முடிவாயிற்று. அந்தப் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு அதுதான் வழக்கம்: வண்டி வாங்குவதானாலும் விற்பதானாலும், பாரமேற்றித் தொப்பூர் மேட்டில் விட்டுப் பார்ப்பார்கள். சேலத்தில் பன்னிரண்டு மூட்டைப் புண்ணாக்கு ஏற்றவேண்டும். நிற்காமல் உச்சியேறினால் பழைய எஞ்சின், மகராணி வீட்டில். நடுவில் நின்றால் டீசல் எஞ்சின், மகராணி மொரப்பூரில். தலையசைக்குமுன் லூர்தம்மாள் மட்டும் ஒரு நிபந்தனை விதித்தாள்:

“அதே பாரம், அதே மேடு, உன் எஞ்சினும் ஏறிக் காட்டணும். நின்னுச்சுன்னா மகராணி மறுநாளே என் கொட்டாய்க்கு வந்துரணும்.”

“டீசலு நிக்கறதா?” என்று மார்தட்டிச் சிரித்தான் சவரிமுத்து. “நின்னுச்சுன்னா நானே என் தலைமேல வெச்சுக் கொண்டாரேன், உன் எருமைய!”

அந்தச் சோதனையின் முடிவைத்தான் மூன்றாம் வளைவில் பார்த்தோம்.

அன்று மாலை கயிறு வந்தது. மகராணி படிதாண்டிய காட்சியை எழுத எழுதுகோல் நடுங்குகிறது. நாலடிக்கு ஒருமுறை திரும்பிப்பார்த்து அவள் எழுப்பிய பேரோலத்தில் தெருநாய்கள் குரைக்க மறந்தன. லூர்தம்மாள் அழவில்லை. அடுப்பும் மூட்டவில்லை. தேர்வேந்தன் பிலவேந்திரன் கடையில் வாங்கிய பன்னைத் தின்று, கொட்டகையின் வெற்றுத்தறியைப் பார்த்தபடி பட்டினிக்குக் கொஞ்சம்தான் குறைவாக அந்த வாரத்தைக் கழித்தான்.

கோழி துரத்தப்பட்டது. டீசல் எஞ்சின் வந்திறங்கியது. சென்னப்பன் பழைய எஞ்சினைப் பெற்ற பிள்ளையை விடுதிக்கு அனுப்புகிறவன்போல் கழற்றி, சாக்கில் சுற்றி, பட்டறை மூலையில் படுக்கவைத்தான். டீசலை மாட்டினான். அதற்கென்று காற்றை வடிகட்டும் ஏர் கிளீனர் எதுவும் வந்திருக்கவில்லை. கோழிமுட்டையோடு அது என்றைக்கோ போயிருந்தது. “இருக்கறதே போதும்ண்ணா, நல்ல கெட்டித் தகரம்” என்று பழைய எஞ்சினின் ஏர் கிளீனரையே, வெளியே துணியால் பளபளவென்று துடைத்து, ஒரு ரப்பர் குழாயால் புதிய எஞ்சினோடு சேர்த்துக் கட்டினான்.

மறுபடியும் சேலம். மறுபடியும் பன்னிரண்டு மூட்டை. இம்முறை மூட்டைகளின் உச்சியில் லூர்தம்மாளும், கைகட்டி, கண்ணிமைக்காது. சமவெளியில் டீசல் எஞ்சின் முழங்கிய முழக்கமென்ன, சவரிமுத்து மீசைமுறுக்கிய முறுக்கென்ன! மேடு தொடங்கியது. முதல் வளைவு: முழக்கம் முனகலாயிற்று. இரண்டாம் வளைவு: முனகல் இருமலாயிற்று. பின்னால் திரண்ட கரும்புகையில் தொடர்ந்துவந்த லாரிக்காரன் பகலிலேயே விளக்கைப் போட்டான். மூன்றாம் வளைவு. அதே புளியமரம். அதே குரங்குகள், அவை இம்முறை காத்திராமல் முன்கூட்டியே மரம் மாறிக்கொண்டன.

“கல்லு வை, சென்னப்பா! கல்லு வை!”

நின்றது! சவரிமுத்துவின் மீசை சாய்ந்த சாய்வைக் கண்டு முனியப்பனே சூலத்தால் வாய்பொத்தியிருப்பான்.

“சரக்கு சாஸ்தி மாப்ள,” என்றான். பிறகு, “மேடு சாஸ்தி” என்றான். பிறகு, “சாமி குத்தம்” என்றான்.

சென்னப்பன் திருப்புளியை எஞ்சினில் ஊன்றி, காதை வைத்தான். திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

“என்னண்ணா இது அதிசயமா இருக்குது? இதுக்கும் மூச்சு முட்டுது!”

மூட்டையிலிருந்து இறங்கி வந்த லூர்தம்மாள் முன்மூடியின் அருகே நின்றாள். வாழ்நாளில் முதன்முறையாக எஞ்சினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏம்பா சென்னப்பா, எஞ்சினு எது வழியா மூச்சு வுடும்?”

“இதோ, இந்த ஏர் கிளீனரு மூக்கு வழியாத்தாங்க்கா இழுக்கும்,” என்று பார்க்காமலே விரலால் சுட்டிவிட்டு, சென்னப்பன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் தேடிப் போனான்.

லூர்தம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். அந்த மூக்கையே வெறித்து நின்றவளைக் கண்ட பிலவேந்திரன், வெயில் தாக்கிவிட்டதோ என்று பயந்தே போனான். ஆனால் அடுத்த கணம் அவள் நிமிர்ந்தாள். கண்ணில் கனல். சுட்டுவிரல் அண்ணனை நோக்கி வேலென நீண்டது.

“உன் ஆனையும் படுத்துக்கிச்சு. பேசுன பேச்சு பேச்சுதான். தலைமேல வெச்சு வேணாம், நடத்தியே கூட்டியா. நாளைக்குக் காலைல என் மகராணி என் கொட்டாய்ல நிக்கணும்!”

சவரிமுத்து அதிகம் வாதாடவில்லை. அவனுக்கும் ஒரு காரணம் இருந்தது: ஒருவாரமாக மகராணி அவனுக்குப் பொழிந்தது பால் அல்ல, உதை, அவன் உட்காரும்போது ஒரு பக்கமாகவே உட்கார்ந்தான். மறுநாள் எருமை வந்தாள். வாசலிலேயே லூர்தம்மாளின் குரல்கேட்டு, கன்றுக்குட்டிபோல் ஓடிவந்து சொம்பு கேட்காமலே சுரந்தாள். டீசல் எஞ்சின் தன் கோழியிடம் திரும்பிச் சென்றது. பழைய எஞ்சின் சாக்கைவிட்டு எழுந்து தன் அரியணை ஏறியது. பிளக்குகளைக் கழுவி மாட்டியதைத் தவிர அதற்கு வேறெதுவும் செய்யவில்லை என்று சென்னப்பன் பிற்காலத்தில் எவ்வளவோ சொல்லிப்பார்த்தான், யாரும் நம்பவில்லை.

பழைய எஞ்சினை மறுபடி மேட்டில் விட்டுப் பார்க்கும் மூன்றாம் சோதனைக்குப் புறப்பட்ட அன்று விடியலில், பிலவேந்திரன் ஒரு காட்சி கண்டான். வண்டியின் முன்மூடியைத் திறந்து லூர்தம்மாள் குனிந்து நின்றாள். செபிக்கிறாள் என்று அவன் கண்கலங்கினான். பிறகு முந்தானைக்குள் எதையோ மறைத்தபடி கோயில் பக்கம் விடுவிடுவென்று நடந்தாள். அன்றைக்குக் கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளை மிக்கேல், “ஏம்மா, சாம்பல் புதனுக்குத்தானே பழைய ஓலைய வாங்கி எரிப்போம்? அதுக்கு இன்னும் பத்து மாசம் இருக்குதே, இதென்ன எண்ணெய்ப் பிசுக்கா?” என்று கேட்டதை அவன் அறியான்.

அன்று நண்பகல், கேளுங்கள், பன்னிரண்டு மூட்டைப் புண்ணாக்குடன், நால்வரையும் சுமந்து, அந்த மூப்படைந்த பெட்ரோல் வேழம் பிளிறியது! முதல் வளைவைத் துரும்பென உதறி, இரண்டாம் வளைவை இகழ்ந்து, மூன்றாம் வளைவில் குரங்குகள் மரம்மாற மறந்து வாய்பிளந்து நிற்க, புகையென்ற சொல்லே அறியாத பளிங்குக் காற்றை வாலாக நீட்டி, பெரிய லாரிகள் இரண்டைப் புறங்கண்டு, கணவாயின் உச்சியில் வெற்றிக்கொடி நாட்டி நின்றது! சவரிமுத்து தலைதாழ்த்தினான். வழிப்போக்கர்கள் சென்னப்பனைத் தோளில் தூக்கினார்கள். அவன் கைபட்டால் செத்த எஞ்சினும் எழுந்து நடக்கும் என்ற புகழ் அன்றே பென்னாகரம் வரை பரவியது. பிலவேந்திரன் ஆனந்தக்கண்ணீர் வழிய மனைவியின் பக்கம் திரும்பி, “எப்படி லூர்து இது? எப்படி?” என்று விம்மினான். அவள் சன்னல்வழியே மலையைப் பார்த்துக்கொண்டு, “எல்லாம் அந்தோணியார் கிருபைங்க” என்றாள்.

லூர்தம்மாள் ஒன்பது வருஷமாக வண்டிக்கான குருத்தோலையை ஏர் கிளீனர் மூக்குக்குள்தான் செருகிக்கொண்டு வந்திருந்தாள்.