உன் அக்காவுக்கு வந்தது அம்மை அல்ல

நூம்பல்,
வெள்ளிக்கிழமை

என் மனைவியின் தம்பியும் கரையான்சாவடி அழகுப்பொருள் கடை முதலாளியுமான ஜீவாவுக்கு,

மாமா கஜபதி எழுதுவது. நலம் விசாரிப்பது மரியாதை, விசாரித்ததாக வைத்துக்கொள். போனில் சொன்னால் "செரி மாமா, செரி மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதி, ஷேர் ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

மகள் அருள்மொழிக்குப் பூ வைக்க ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து வருகிறார்கள், அதற்குள் அக்கா முகத்தில் சுருக்கம் போகட்டும் என்று ரெட்டினால் கிரீம் குப்பி ஒன்றைக் கொடுத்தாயே, அதை ராத்திரியில் பட்டாணி அளவு தடவச் சொன்னதாகவும் வெயிலில் போகாதே என்றதாகவும் இப்போது சாதிக்கிறாய். உன் அக்கா முனியம்மா எதையாவது பட்டாணி அளவு பூசி நீ பார்த்திருக்கிறாயா? மஞ்சள் பூசுகிற மாதிரி நெற்றி முதல் கழுத்து வரை அப்பிக்கொண்டு, மொட்டை மாடியில் வடகம் பிழிந்து, பகல் முழுக்கக் காக்காய் ஓட்டினாள். வடகம் காய்வதற்குள் முகம் காய்ந்துவிட்டது. சிவந்து, தடித்து, பொருக்குப் பொருக்காக உரிகிறது. தோலை உரித்தால் அழகு வருமென்றால் வெங்காயம்தான் உலக அழகி!

சித்திரை வெயிலில் முகம் சிவந்தால் தெரு என்ன சொல்லும்? அம்மா வந்திருக்கிறாள் என்றது. எதிர்வீட்டு லூர்தம்மாள் ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிறவர். அவரே வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, "அண்ணே, ஊட்ல தாளிக்காதீங்கோ, அம்மாவுக்கு ஆவாது" என்றார். உன் அக்கா உண்மையைச் சொல்ல வேண்டியதுதானே? "இந்த வயசுல கிரீம் கேக்குதான்னு சிரிப்பாளுங்கோ. அம்மான்னே இருந்துட்டு போவட்டும், நீ கம்முனு கெட" என்று பாயில் படுத்து இளநீர் குடிக்கிறாள்.

மாப்பிள்ளையின் அப்பா மணவாளன் காதுக்கும் போய்விட்டது. "அம்மா கீற ஊட்ல எப்டி பூ வெக்கறது அண்ணாத்தே? பையன் அட்த்த வாரம் துபாய் போறான். வந்தப்பறம் பாத்துக்கலாம்" என்றார். கிரீம்தான் என்றேன். "அம்மனைப் போயி கிரீமுன்றியே, கன்னத்துல போட்டுக்க" என்றார். விடுவேனா? அம்மை இல்லை என்று நிரூபிக்க வஞ்சிரம் வாங்கிவந்து, வாசலில் அடுப்பு வைத்து நானே வறுத்தேன். தெருவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. நம்பியவர் ஒருவரும் இல்லை. "நைனா, நீ மீன் வறுத்துகினே இரு. நானும் கடேசி வரைக்கும் இந்த ஊட்லயே கீறேன்" என்கிறாள் பெண்.

ஆகையால் நாளைக்கே நீ குப்பியோடு ஆவடிக்குப் போய், மணவாளன் முன்னால் நின்று நடந்ததைச் சொல். பொய் சொல்லிப் பூ வைத்துக்கொள்ளும் குடும்பம் இல்லை இது.

உன் வியாபாரம் ஓஹோவென்று நடக்கட்டும். எங்கள் தெருவில் மட்டும் நடக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கஜபதி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மணவாளன் மனைவி போன் செய்தார். "அண்ணா, எனக்கும் போன மாசம் இப்டிதான் உரிஞ்சிச்சு. ஜீவா கடைல வாங்கனதுதான். ஊட்டுக்காரர்கிட்ட வேர்க்குருன்னு சொல்லி வெச்சிகிறேன். இன்னிக்கு அம்மா கனவுல வந்து, 'அந்த ஊட்ட உட்டு எறங்கிட்டேன், போயி பூ வையி'ன்னு சொன்னான்னு சொன்னேன், ஒத்துகினாரு. திரும்ப கிரீமு கிரீமுன்னு ஒளறி என்னை மாட்டி உட்றாதீங்க" என்றார். ஞாயிறு வருகிறார்கள். நீ ஆவடிப் பக்கம் போகாதே, நேரே இங்கே வா. யார் கேட்டாலும், உன் அக்காவுக்கு வந்தது அம்மைதான்.