சீட்டு இல்லாத ஜீப்

இந்த வருஷ சீசனில் என் ஜீப்பில் என் மனைவி வீட்டார் ஒருத்தர்கூட ஏறக் கூடாது. ஆனி பிறந்த அன்றைக்கே சபதம் எடுத்துவிட்டேன். மனசுக்குள்தான். வெளியே சொல்ல எனக்கென்ன கிறுக்கா?

என் தலையெழுத்தைக் கேளுங்கள். வீடு தென்காசியில். குற்றாலம் கூப்பிடு தூரம். சாரல் விழுந்ததும் மனைவி சண்முகசுந்தரியின் சொந்தபந்தம் ராயகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்து இறங்கிவிடும். என்னிடம் எஸ்டேட்டில் ஓடிய பழைய ஜீப் ஒன்று இருக்கிறது. நாலு சக்கரமும் இழுக்கும், எந்த மலையும் ஏறும் என்று ஆசைப்பட்டு வாங்கினேன். அது கண்ட மலையெல்லாம் ஐந்தருவி ரோடுதான். உச்சி முதல் பாதம் வரை நல்லெண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் சொட்டச் சொட்ட வந்து சீட்டில் உட்காருவார்கள். நாலே சீசனில் சீட்டு கிழிந்து, நாறி, நாசமாய்ப் போய்விட்டது.

சீட்டே இல்லாவிட்டால் எப்படி ஏறுவார்கள்? திட்டம் பிறந்தது.

"சுந்தரி, சீட்டெல்லாம் கழட்டி, கழுவி, புது உறை போடப் போறேன்."

"நல்ல சோலிதான். எத்தனை நாளாவும்?"

"ஒரு மாசம்... ஒண்ணரை மாசம்..."

"மெதுவாவே பாருங்க."

சிரித்துக்கொண்டு சொன்னாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

துருப்பிடித்த போல்ட்டுகளோடு ரெண்டு நாள் மல்லுக்கட்டினேன். சீட்டுக்கு அடியில் ஏழு சீயக்காய்ப் பாக்கெட், ரெண்டு சீப்பு, மங்குஸ்தான் தோல். ஒரு ரம்புட்டான் கொட்டை முளையே விட்டிருந்தது. பஞ்சைப் பிழிந்தேன். வந்த எண்ணெயில் பத்து தோசை சுடலாம். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இடுப்பு ஒடிந்தது. டிரைவர் சீட்டையும் விடவில்லை. எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றி, குஷன் கடை முகம்மது மீரானிடம் இறக்கினேன்.

"பாய், அவசரமே கிடையாது. ஆடி முடியட்டும்."

"ஆடி முடியவா? அதுக்குள்ள பத்து ஜீப்புக்குத் தச்சிருவேனே அண்ணாச்சி!"

"தைக்காதேயும்!"

சாரல் வந்தது. கூடவே மச்சினன் முத்துகுமரன் தலைமையில் பதின்மூணு பேர் வந்தார்கள். முகத்தை எழவு வீடு மாதிரி வைத்துக்கொண்டேன்.

"வாங்க மாப்ள. ஆனா என்ன செய்ய, வண்டில சீட்டே இல்ல. டிரைவர் சீட்டுகூட..."

"அதுதான் வந்தாச்சுல்லா," என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். புது ரெக்சின் மினுமினுக்க டிரைவர் சீட்டு மட்டும் மாட்டியிருந்தது. பின்னால் மொட்டைத் தரையில் ரெண்டு கோரைப்பாய் விரித்திருந்தது.

"மீரான் பாய்க்கு நாந்தான் போன் போட்டேன்," என்று சுந்தரி வந்தாள். "சீட்டு கெடந்தா எட்டு பேரு இடிச்சிக்கிட்டு உக்காரணும். மிச்சப் பேருக்கு இன்னொரு நடை. இப்பம் பாருங்க, என்னையும் சேத்து பதினாலு பேரும் ஒரே நடைல போயிரலாம்."

"கோரைப்பாய் நனைஞ்சிருமே?"

"ஒதறிக் காயப்போட்டாப் போச்சு. சீட்ட ஒதற முடியுமா?"

சாவியை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன்.

முதல் நாள் ஐந்தருவி, மறுநாள் பழைய குற்றாலம், அதற்கு மறுநாள் புலியருவி. முதுகுக்குப் பின்னால் பதினாலு பேரும் சப்பணம் போட்டு நேந்திரங்காய் சிப்ஸ் தின்றார்கள். வளைவுக்கு வளைவு எண்ணெய்க் கைகள் என் புது ரெக்சினைத்தான் பிடித்தன.

"அத்தான், சூப்பர் ஐடியா! கால நீட்டிப் படுக்கக்கூட முடியுது!" என்றான் மச்சினன்.

"செங்கோட்டைச் சித்தி வீட்டுலயும் கேட்டாவ," என்றாள் சுந்தரி. "எடம் நெறயக் கெடக்குன்னு சொல்லிட்டேன். நாளைக்கு வாராவ."

வண்டியை வீட்டில் நிறுத்திய கையோடு குஷன் கடைக்கு ஓடினேன். அழுகை வராத குறை.

"பாய்! இன்னைக்கே பின்சீட்டத் தச்சுக் குடும்! உமக்குப் புண்ணியமாப் போவும்!"

மீரான் நிதானமாக ஊசியில் நூல் கோத்தார்.

"அவசரமே இல்ல, ஆடி முடியட்டும்னு நீரும் சொன்னீரு, அக்காவும் அதையேதான் சொல்லிருக்காவ. இப்படி ஒத்துமையான புருசன் பொண்டாட்டிய நான் பாத்ததே இல்ல அண்ணாச்சி!"