அது மரியாதையில் குனிந்த முதுகு

வாசகரே, உலகில் பரம்பரைக் காவலர் என்றோர் இனம் உண்டு. இவர்கள் குடும்பத்தில் எவருக்கும் எந்த நோய் வருத்தமும் வந்ததில்லை. மூதாதையர் அனைவரும் பூரண சுகத்தோடு காலமானவர்கள்.

சிட்னியில், மெரிலேண்ட்ஸில் குடியிருந்த எஞ்சினியர் மகாதேவன் இவ்வினத்தின் மணிமுடி. 1975இல், அவருடைய தம்பி நித்தியானந்தன் இருபத்தாறு வயதிலேயே காலையில் முதுகு இறுகி, கட்டிலைப் பிடித்து, சுவரைப் பிடித்து, கதிரையைப் பிடித்து ஒருவாறு குசினிக்கு வந்து சேர்வான். நடமாடினால் இளகும். மகாதேவனோ குளிர், மெத்தை, சோம்பல் என்று மூன்று காரணம் கண்டுபிடித்திருந்தார்.

"குடும்பத்தில் யாருக்காவது முதுகு வருத்தம் உண்டா?" என்று கேட்டார் தம்பியைப் பரிசோதித்த டொக்டர். தம்பி வாய் திறக்குமுன் அண்ணர் முந்திக்கொண்டார்: ஒருவருக்கும் இல்லை! கலியாணத் தரகருக்குச் சொல்லும் அதே குரல். சொல்லாமல் இருப்பாரா? தம்பிக்கு யாழ்ப்பாணத்தில் சம்பந்தப் பேச்சு நடக்கிறதே! பாரம் தூக்கிய பிடிப்பாக்கும் என்று எண்ணிய டொக்டர், ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், படுக்கச் சொன்னார். படுக்கப் படுக்க முதுகு பலகையாயிற்று.

அடுத்த முறை மகாதேவனின் மனைவி சத்தியபாமாவும் கூடப் போனாள். டொக்டர் பேனாவுடன் காத்திருக்க, தமிழில் கணவர் மீது விசாரணை நடந்தது.

"உங்கட பெரியப்பா கூனித்தானே நடந்தவர்?"

"அது மரியாதையிலை குனிஞ்சவர்."

"கழுத்துத் திரும்பாத சித்தப்பா?"

"அவர் ஒருத்தரையும் மதிக்கிறேல்லை. அதாலை திரும்பேல்லை."

"மரியாதை என்ன, காலமையிலை மட்டுமோ இறுகிறது?"

அவளே டொக்டருக்கு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஓர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார் அவர். பி27 என்ற பரம்பரை அடையாளம் இருந்தது. அது இருக்கிற பெரும்பாலானோருக்கு ஒன்றும் வராது, சிலருக்கு முதுகெலும்பு மூட்டுகள் அழன்று இறுகும் என்று விளக்கி, படுக்கையைத் தடைசெய்து, குளிசையும் நீச்சலும் எழுதிக்கொடுத்தார்.

"அப்ப இது அம்மாவின்ர பக்கத்தாலை வந்திருக்கும்," என்றார் மகாதேவன்.

"பெரியப்பாவும் சித்தப்பாவும் அம்மாவின்ர பக்கமோ?"

மகாதேவன் அன்றே யாழ்ப்பாணத்துப் பெண்வீட்டாருக்குக் கடிதம் எழுதினார்: மாப்பிள்ளை தினமும் நீந்துகிறார், தேகப்பயிற்சியில் அளவற்ற ஆர்வம்.

"அண்ணை, முதுகையும் எழுதுங்கோ. இல்லாட்டி நான் எழுதுவன்," என்றான் தம்பி, அடுத்த மாதக் கடிதத்தின்போது. நீந்திய ஒரு மாதத்தில் சப்பாத்துக் கயிற்றைத் தானே குனிந்து கட்டத் தொடங்கியிருந்தான் அவன். மகாதேவன் எழுதினார், மிகச் சிறிய எழுத்தில்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இதை வாசிக்கையில் உங்கள் மாமா ஒருவர் ஞாபகத்துக்கு வந்தாரே, "சீ, அது வேறை" என்று உடனே அவரைத் திருப்பி அனுப்பியது யார்?