டெஷோவின் பெயர்நாளுக்கு நான் கொடுத்த பூ

மியர்குரியா சூக்,
மே 24

பேரன்புள்ள தங்கை சவேத்தாவுக்கு அண்ணன் ஃப்ளோரியா எழுதுவது. முழங்காலைத் தவிர நான் சுகம். நீயும் மாப்பிள்ளை லூப்பும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

எதிர்வீட்டு ஹங்கேரிய விதவையைப் பற்றி எழுதியிருந்தேனே, அவளைக் கட்டிக்கொள்ளும் ஆசையில் என் மானத்தை நானே கப்பலேற்றிவிட்டேன். மூன்று வருடமாக அவள் வீட்டுக் குழாயைச் சரிசெய்கிறேன், அவள் எனக்கு முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிச் சமைத்துக் கொடுக்கிறாள், ஆனால் பெயரைக் கேட்கக் கூச்சம். கதவுப் பலகையில் ‘பர்த்தாலிஷ் டெஷோனே’ என்றிருந்தது; முன்னது குடும்பப் பெயர். நம் ருமேனியப் பேச்சில் இயோனோடு ஓர் ‘ஆ’ சேர்ந்தால் இயோனா என்று பெண்பெயர் ஆவதில்லையா, அதுபோல டெஷோவும் ‘னே’ சேர்ந்து பெண்ணாகியிருக்கும் என்று நம்பினேன். நேற்று காலண்டரில் டெஷோ பெயர்நாள், அந்தப் பெயருள்ளவர்களைப் பூக்கொடுத்து வாழ்த்தும் நாள். நல்ல சட்டை போட்டு, கை நிறைய பியோனிப் பூவோடு போய் நின்றேன். சோர்பா சூப்பைக்கூடச் சோர்பிட்சா என்று கொஞ்சுகிற சாதி நாம், சும்மா இருப்பேனா? “டெஷோனிட்சா, இனிமே ரெண்டு பேருக்கும் ஒரே அடுப்பு போதாதா?” என்றேன். அவள் பூவை வாங்கிக்கொண்டு, அழுதுகொண்டே கதவைச் சாத்திவிட்டாள். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன், சவேத்தா!

விஷயத்தைச் சொன்னதும் கீழ்வீட்டு ஹங்கேரியன் கெர்கே தலையில் அடித்துக்கொண்டான். “யோவ் ரயில்காரரே, டெஷோ அந்தம்மாவோட புருஷன்யா! செத்து ஒன்பது வருஷமாச்சு. ‘னே’ன்னா பொண்டாட்டி. பொணத்துக்குப் பெயர்நாள் கொண்டாடிட்டு வந்திருக்கீரே!” உன்னை ஊரே லுப்வாயா, லூப் பெண்டாட்டி என்றுதானே கூப்பிடுகிறது? சவேத்தா என்று சொன்னால் தபால்காரனுக்கே தெரியாது. அது தெரிந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

இனி எந்த முகத்தோடு அந்தப் படியேறுவேன்? அவள் இல்லாத வாழ்க்கை எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைப்பானேன். ஊருக்கே வந்துவிடுகிறேன். பின்கட்டு அறைக்குச் சுண்ணாம்பு அடித்து வை. மாப்பிள்ளைக்கு என் வணக்கம். உங்கள் திராட்சைக் கொடி இந்த வருடம் தாங்க முடியாமல் காய்க்கட்டும்.

உன் அண்ணன்,
ஃப்ளோரியா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கதவு தட்டப்பட்டது. அவள்தான், புருஷன் கல்லறையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். “பூவை அவருக்கு வச்சுட்டு வந்தேன். செத்தவங்களுக்கு ரெட்டைப்படையாத்தானே வைக்கணும்? நீங்க பதினொண்ணு கொடுத்திருக்கீங்க” என்றாள். மிஞ்சிய ஒன்றை என் தேநீர்க் கோப்பையில் வைத்தாள். “இது எட்டெல்காவுக்கு.” எட்டெல்கா யார் என்று கேட்டேன், மடையன். “நான்தான். அவர் போனப்புறம் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல. நீங்க கூப்பிடுங்க.” சுண்ணாம்பு அடிக்காதே, சவேத்தா. கல்யாண விருந்துக்கு ஒரு பன்றியைக் கொழுக்க வை.